சாமோஸிலிருந்து எபேசுவுக்கு ஒரு நாள்: படகில் எல்லை தாண்டுவோருக்கு

கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் கிழக்குக் கரையோரம் நின்றால் எதிரே ஒரு பெரிய மலை தெரியும். அது துருக்கி. இடையில் இருக்கும் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் சுமார் 1.6 கிலோமீட்டர்தான். தீவின் தலைநகரான வாத்தியிலிருந்து காலையில் படகேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் துருக்கியின் குஷாதாசி துறைமுகம் வந்துவிடும். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் போனால் எபேசு என்ற பழைய ரோமானியக் கால நகரத்தின் இடிபாடுகள். மாலையில் குஷாதாசி கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தீவுக்கே திரும்பிவிடலாம்.

இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் இதைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வருவதுபோல் எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் பயணம்தான், ஆனால் இரண்டு நாட்டுக் குடிவரவு, இரண்டு நாணயம், காத்திருக்காத ஒரு படகு, எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடக்கம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அருங்காட்சியகம், மாதா வீடு, தோல் கடை, கம்பளக் கடை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தேன். இன்றைக்கு யோசித்தால் கார் ஜன்னல்தான் நினைவில் இருக்கிறது. இரண்டாம் முறை அம்மாவை அழைத்துப் போனேன். அவருடைய முழங்காலுக்கு ஏற்றபடி எபேசுவை மட்டும் காலையில் வைத்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தைச் சந்தைக்குக் கொடுத்தோம். அந்த நாள்தான் மனசில் நின்றது. கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசைப்படிதான்.

முதலில் விசா, பிறகுதான் மற்றதெல்லாம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். கிரேக்கத்துக்கு வர வாங்கிய உங்கள் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதற்கான கட்டத்தில் ‘01’ என்று இருந்தால் இந்தப் பயணம் உங்களுக்கு இல்லை. துருக்கிக்குப் படகேறிய நிமிடமே ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். மாலையில் திரும்பி வந்து நுழைவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகும். ‘மல்ட்’ (MULT, பல முறை நுழைவு) என்று அச்சாகியிருந்தால் கவலையில்லை. ‘02’ என்றால் இதற்கு முன்னால் எத்தனை முறை நுழைந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது, வாத்தி துறைமுக வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. மகனிடம் ஐரோப்பியக் குடியிருப்பு அட்டை இருந்தது. அப்பா அம்மாவிடம் ஒரு முறை நுழைவு விசா. சீட்டு விற்ற முகவர் பணத்தை வாங்கிக்கொண்டாரே தவிர, இதைக் கேட்கவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி விசாப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “போனால் திரும்ப முடியாது” என்றார். அந்தப் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையைவிட்டு நகர்ந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதிகாரி கவனித்துச் சொன்னது அவர்களுடைய நல்ல காலம். எதிர்க்கரையில் தெரிந்திருந்தால் கதையே வேறு.

அடுத்தது துருக்கி விசா. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அட்டையோ இருந்தால், இந்தியர்கள் துருக்கி அரசின் இ-விசா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு முறை நுழைவு, 30 நாள் தங்கல். ஒரு நாள் பயணத்துக்கு இது தாராளம். தேடுபொறியில் மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் இதே படிவத்துக்குக் கூடுதல் பணம் கறக்கும். முகவரி துருக்கி அரசுத் தளத்துக்குரியதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். “ஒரு நாள்தானே, விசா வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கடைவாசலில் யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ள நம்மவர்களுக்கு விசா தேவையில்லை. கனடா, அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளுக்கும் 2023 இறுதியில் வந்த அறிவிப்போடு விசா விலக்கு கிடைத்துவிட்டது. எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சமிருப்பது நல்லது.

படகுச் சீட்டு

பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் படகு மிகவும் குறைவு. சீட்டு வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: காலையில் சாமோஸிலிருந்து கிளம்பி, மாலையில் சாமோஸுக்கே திரும்புகிற படகா? ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காலையில் பயணிகளை ஏற்றிவந்து, மாலையில் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோகும் படகுகளும் உண்டு. அதில் ஏறினால் நீங்கள் மாலையில்தான் துருக்கி சேருவீர்கள். துறைமுக வரி சீட்டுக்குள் அடக்கமா, தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

முந்தைய நாளே வாங்குவது அவசியம். பயணிகள் பட்டியலில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஏற வேண்டும். பாஸ்போர்ட் நகலைக் கேட்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்டெமி’ என்ற வடகாற்று பலமாக அடிக்கும் நாட்கள் உண்டு. கடல் ஆடும், சில நாள் படகே ஓடாது. அதனால் தீவில் தங்கும் கடைசி நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்? பாஸ்போர்ட், விசா அச்சு, குடியிருப்பு அட்டை இருந்தால் அது. தொப்பி, தண்ணீர், பிடிப்புள்ள காலணி. மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் எடுத்துப் போகாமல் இரண்டு நாளுக்கு எடுத்துப் போங்கள். படகைத் தவறவிட்டாலோ காற்றால் படகு நின்றாலோ இரவு அந்தப் பக்கம்தான். கைப்பேசி சார்ஜரும் அதற்காகவே.

கைப்பேசியைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் துருக்கியில் செல்லாது. சாமோஸின் கிழக்குக் கரையில் நிற்கும்போதே சில சமயம் போன் துருக்கிக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தானாக நெட்வொர்க் தேடுவதை நிறுத்திவிட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு ஏறுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

கடலில் ஒன்றரை மணி நேரம்

படகு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருங்கள். கோடையில் இரு நாட்டிலும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டாம். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருப்பதால், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு மட்டும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும்.

இடம் கிடைத்தால் மேல்தளத்தில் உட்காருங்கள். தெற்கே தெரியும் மலைதான் மிக்காலே. கி.மு. 479-இல் கிரேக்கர்கள் பாரசீகக் கடற்படையின் கப்பல்களை எரித்தது அதன் அடிவாரக் கரையில். நூறாண்டுக்கு முன் நடந்தது இன்னும் வலிக்கக்கூடிய கதை. 1922-இல் முடிந்த கிரேக்க-துருக்கிப் போருக்கும், இரு நாடுகளும் தங்கள் சிறுபான்மையினரை மாற்றிக்கொண்ட 1923 மக்கள் பரிமாற்றத்துக்கும் இடையில் துருக்கிக் கரையிலிருந்த கிரேக்கக் குடும்பங்கள் கிடைத்த படகில் ஏறித் தீவுகளுக்குப் போயின. இப்போதும் அடைக்கலம் தேடி ரப்பர் படகில் இதே நீரைக் கடக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். போர் துரத்திய ஊர்க்காரர்களாகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தபடி இதைக் கடப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அம்மா அந்தப் பயணத்தில் இரண்டு முறை சொன்னார்.

குஷாதாசியில் இறங்கியதும்

குடிவரவு வரிசை பெரிய சொகுசுக் கப்பல் வந்த நாளில் நீளும். முடித்து வெளியே வந்தவுடன் கடைகள் வரிசையாகக் கூப்பிடும். போகாதீர்கள். மாலையில் இதே வழியாகத்தான் வரப்போகிறீர்கள்.

எபேசுவுக்குப் போக மூன்று வழி. படகுச் சீட்டோடு சேர்த்தே சுற்றுலாப் பேருந்து வாங்கலாம். வழிகாட்டி உண்டு, ஆனால் நடுவில் ஏதாவது ஒரு கம்பளக் கடையிலோ தோல் கடையிலோ இறக்கிவிட்டு நேரத்தைத் தின்பது வழக்கம். வாங்கும்போதே “கடையில் நிறுத்துவீர்களா?” என்று கேளுங்கள். இரண்டாவது, எபேசுவுக்குப் பக்கத்து ஊரான செல்சுக்கின் பெயர்ப்பலகை போட்ட டோல்முஷ். நம் ஊர் ஷேர் வேன் மாதிரிதான், ஆள் சேரச் சேரக் கிளம்பும், மலிவு. “எஃபெஸ்” (எபேசுவின் துருக்கிப் பெயர்) என்று சொன்னால் பிரிவுச் சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கீழ்வாயிலுக்கு வெயிலில் நடக்க வேண்டும். மூன்றாவது டாக்சி. நாலு பேர் இருந்தால் நான் டாக்சியைத்தான் சொல்வேன். மேல்வாயிலில் இறக்கி, கீழ்வாயிலில் காத்திருந்து ஏற்றிக்கொண்டு வர மொத்தத் தொகை என்ன, யூரோவா துருக்கி லிராவா என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுப்பது நீங்கள் திரும்பி வந்த பிறகுதான்.

மேல்வாயிலில் தொடங்கிக் கீழே இறங்குங்கள்

எபேசுவுக்கு இரண்டு வாயில். மேல்வாயிலில் நுழைந்தால் தெரு முழுவதும் இறக்கம். கீழ்வாயிலில் நுழைந்தால் அதே தெரு ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு முடிவு அந்த நாளையே காப்பாற்றும். நுழைவுச்சீட்டு 2024-இல் வெளிநாட்டவருக்கு 40 யூரோவாக இருந்தது, உள்ளே இருக்கும் பழைய பணக்காரர்களின் மாடி வீடுகளுக்குத் தனியாக 15 யூரோ. கழிப்பறைக்கு வாயிலிலேயே போய்விட்டு வாருங்கள். உள்ளே நிழலும் மிகக் குறைவு.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குக் குறைந்தால் பணம் வீண்.

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்த ஊர் பழக்கமானது. எபேசியருக்குப் பவுல் எழுதிய நிருபம் இந்த ஊர்ச் சபைக்குத்தான். ஆனால் இங்கே நடக்கத் தொடங்கினால் உடனே தோன்றும் கேள்வி வேறு: துறைமுக நகரம் என்கிறார்களே, கடல் எங்கே? கைஸ்டர் ஆறு (இப்போது குச்சுக் மெந்தெரெஸ்) பல நூற்றாண்டாக வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறைமுகம் தூர்ந்தது, வணிகம் போனது, ஊர் சுருங்கியது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கடல் கைவிட்டுப் போன ஒரு பட்டினம் இது.

மேலே முதலில் வருவது நகர நிர்வாகச் சதுக்கம், சிறிய ஓடியான் அரங்கு. அங்கே அதிகம் நிற்க வேண்டாம். ஹெர்குலிஸ் வாயிலைத் தாண்டினால் கூரெத்தெஸ் தெரு சரிந்து இறங்கும். கோடியில் செல்சுஸ் நூலகத்தின் முகப்பு. இந்தச் சரிவில்தான் எச்சரிக்கை வேண்டும். தரையெல்லாம் பளிங்கு. இரண்டாயிரம் ஆண்டாகக் கால்பட்டுக் கால்பட்டு அம்மிக்கல் போல் வழவழத்திருக்கிறது. அம்மா ரப்பர் செருப்போடு வந்திருந்தார், முதல் இருபது அடியிலேயே இரண்டு முறை வழுக்கியது. ஓரத்தில் சொரசொரப்பாக இருக்கும் கற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இறங்கினோம். சில இடத்தில் வழுக்காமலிருக்க அந்தக் காலத்திலேயே கல்லைக் கொத்தி வரி போட்டிருக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

வலப்புறம் ஹாட்ரியன் கோயிலின் வளைவில் ஒரு பெண் தலை, உள்ளே மெதூசா. அதன் எதிரே, இடப்புறத்தில், பெரிய கூரைக்கு அடியில் மாடி வீடுகள். தனிச் சீட்டு என்பதால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கடைத்தெருவில் ஒரு சட்டையைக் குறைத்துக்கொண்டாவது இதற்குப் போங்கள். கோயிலும் அரங்கமும் எந்தப் பழைய ஊரிலும் பார்க்கலாம். பணக்கார வீட்டு அறைச்சுவரில் பூசிய சிவப்பு வண்ணம், தரையின் மொசைக், சுவருக்குள் போகும் சுடுமண் குழாய் இவையெல்லாம் இப்படி ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். உள்ளே நிழல் வேறு. படிகள் நிறைய, அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டார்.

நூலகத்தைக் கட்டியவர் யூலியுஸ் அக்குயிலா, தன் தகப்பன் செல்சுஸின் நினைவாக. செல்சுஸ் ரோமானிய ஆசியாவின் ஆளுநராக இருந்தவர், அவருடைய கல்லறை நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, சுமார் 12,000 சுருள்கள் இருந்ததாகக் கணக்கு. ஈரம் ஏறாமலிருக்கச் சுவரை இரட்டையாக எழுப்பி நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஓலைச்சுவடி வைத்திருந்த வீடுகளுக்கும் இதே கவலை இருந்திருக்கும். முகப்பு கிழக்கு பார்த்தது, காலை வெளிச்சத்துக்காக. நாம் இப்போது பார்க்கும் நிலை 1970-களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த துண்டுகளை எடுத்துப் பொருத்தி நிறுத்தியது. மாடங்களில் நிற்கும் நான்கு பெண் சிலைகளும் நகல்கள், அசல் வியன்னாவில் இருக்கிறது.

அதன் பக்கத்து வாயிலை யாரும் நின்று பார்ப்பதில்லை. நின்று பாருங்கள். அதைக் கட்டியவர்கள் மசேயுஸ், மித்ரிதாத்தெஸ் என்ற இரண்டு பேர், விடுதலை பெற்ற அடிமைகள். பேரரசனின் பெயரோடு தங்கள் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பிறகு பளிங்குச் சாலை வழியாகப் பெரிய அரங்கம், சுமார் 25,000 பேர் உட்காரலாம். வெள்ளியில் கோயில் உருவங்கள் செய்து விற்ற தெமெத்திரியு என்ற தட்டான், பவுலின் பிரசங்கத்தால் பிழைப்புப் போகிறதென்று ஆட்களைத் திரட்டியதும், கூட்டம் இரண்டு மணி நேரம் இங்கே கத்தியதும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. தமிழ் வேதாகமம் தியானாள் என்று சொல்வது இந்த ஊரின் ஆர்ட்டெமிஸைத்தான். அவள் கோயில் உலக ஏழு அதிசயங்களில் ஒன்று. இன்று செல்சுக் சாலையோரம் ஒற்றைத் தூண் மட்டும், உச்சியில் நாரைக் கூடு. காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் போதும்.

கீழ்வாயிலுக்கு வெளியே யாராவது சட்டைப்பையிலிருந்து “பழைய நாணயம்” எடுத்துக் காட்டுவார். அநேகமாகப் போலி. அசலாக இருந்தால் இன்னும் மோசம், துருக்கியிலிருந்து தொல்பொருள் வெளியே கொண்டுபோவது சிறைக்குரிய குற்றம். தரையில் கிடக்கும் ஒரு பளிங்குச் சில்லுக்கும் இதே சட்டம்தான், பிள்ளைகளின் பையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு செல்சுக் ஊருக்குள் போவது நல்லது. இறைச்சியைச் சிறு குச்சியில் கோர்த்துச் சுட்ட ‘சோப் ஷிஷ்’ அந்தப் பக்கத்துச் சிறப்பு. சைவம் என்றால் கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துத் தட்டிச் சுடும் கோஸ்லெமெ. கூடவே ஐரான், நம் உப்பு மோர்தான், அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். சனிக்கிழமையாக இருந்தால் செல்சுக்கிலேயே பெரிய வாரச்சந்தை உண்டு, உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கும் சந்தை. அன்றைக்கு நான் குஷாதாசிக் கடைத்தெருவை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன்.

கடைத்தெரு

மூன்று மணிக்கு குஷாதாசி திரும்பிவிட்டால் ஒரு மணி நேரம் சந்தைக்கு உண்டு. துறைமுகத்துக்கு எதிரே கோட்டை போல் நிற்பது 1618-இல் ஒக்குஸ் மெஹ்மெத் பாஷா கட்டிய வணிகர் சத்திரம். அதற்குப் பின்னால் சந்துகள் விரியும்.

கடைக்காரர்கள் ஆண்களை “அபி”, பெண்களை “அப்லா” என்று கூப்பிடுவார்கள். அண்ணன், அக்கா என்றுதான் பொருள். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம், குடித்ததற்காக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. “நெ கதார்?” என்றால் எவ்வளவு. விலைச்சீட்டு ஒட்டிய தின்பண்டக் கடையில் பேரம் பேசாதீர்கள். துணி, தோல், கம்பளத்தில் பேசாமல் வாங்காதீர்கள். அட்டையில் பணம் கட்டும்போது இயந்திரம் யூரோவா லிராவா என்று கேட்டால் லிராவைத் தேர்ந்தெடுங்கள், யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

குங்குமப்பூ பற்றி அம்மாவிடம் நான் கற்றது. குவியல் குவியலாகச் செம்மஞ்சளாக, கிலோக் கணக்கில் மலிவாக வைத்திருப்பது குங்குமப்பூ இல்லை, குசும்பப்பூ. அம்மா இரண்டு இழையை எடுத்து விரலில் தேய்த்தார், முனையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். அசல் இழையின் ஒரு முனை குழல்வாய் போல் விரிந்திருக்கும். தண்ணீரில் போட்டால் நிறம் மெல்ல மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும்.

கம்பளத்தை முதுகுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் முடிந்ததென்றால் முன்புறக் கோலம் பின்புறமும் தெளிவாகத் தெரியும், குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலிலிருந்தே வரும், தனியாகத் தைத்திருக்காது. ஈரமான வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கம்பளம் வாங்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம். உலர்ந்த அத்திப்பழம், லொகும் என்ற துருக்கி மிட்டாய், ஆலிவ் எண்ணெய் சோப்பு, நீல நிறத் திருஷ்டி மணி, இவை போதும். சீஸ், தயிர், இறைச்சி வகை எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பையில் கொண்டுவரத் தடை. கடல்வழியாக வருபவருக்குப் பொருள் வரம்பு 430 யூரோ. பெரிய பெயர் போட்ட போலிக் கைப்பை, கடிகாரம் சுங்கத்தில் பிடிபட்டால் பணமும் பொருளும் போகும்.

திரும்பும் படகு

ஐந்து மணிப் படகென்றால் நான்கு மணிக்குத் துறைமுக வாயிலில் இருங்கள். வெளியேறும் வரிசை, சுங்கம், வரியில்லாக் கடை என்று ஒவ்வொன்றும் பத்து நிமிடம் தின்னும். டாக்சிக்காரருக்கு ஒரு கும்பிடும் பேசிய தொகையும் கொடுத்து அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டைப் பையின் அடியில் திணிக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியில் இறங்கும்போது ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், குறுகிய கால விசாவில் வந்தவர்களுக்குச் சற்று நேரம் எடுக்கும். வயதானவர்களோடு வருபவர்கள் படகு கரை நெருங்கும்போதே படிக்கட்டுக்கு அருகில் வந்து உட்கார்ந்துவிடுங்கள். முதலில் இறங்கினால் வரிசையில் நிற்பது குறையும். எங்கள் பையைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி அத்திப்பழப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துப் போகச் சொன்னார்.